படகின் முன்பக்கத்துக் கனம்

மேசை விரிப்பில் கறை படிந்திருந்தால் பெரியம்மா அதன்மேல் பூச்சாடியைத் தூக்கி வைத்துவிடுவாள். கதிரை மெத்தை கிழிந்திருந்தால் அங்கே ஒரு குட்டித் தலையணை வந்து உட்கார்ந்துவிடும். சமையற்காரர் குடித்துவிட்டுக் குப்புறக் கிடந்தால், வந்தவர்களிடம் "அவருக்குக் காய்ச்சலுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே அடுப்படிக்குள் போய்விடுவாள்.

நோர்வூட்டுக்குப் பக்கத்தில், நீர்த்தேக்கக் கரையில் இருக்கிற பழைய துரை பங்களாவில்தான் அவள் ஆயுள் முழுக்க வேலை பார்த்தாள். துரைமார் போனார்கள், அரசாங்கம் வந்தது, கம்பனி வந்தது, கடைசியில் பங்களா சுற்றுலாக்காரர்கள் தங்குகிற விடுதியானது. பெரியம்மா மட்டும் பின்கட்டில் இருந்த தன் சின்ன அறையில் அப்படியே இருந்தாள். போன வருசம் அந்த அறையிலேயே காலமானாள்.

அவள் மூடி வைத்தது பங்களாவின் ஓட்டை உடைசல்களை மட்டுமல்ல. ஒரு தடவை பள்ளிக்கூட லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துப் பெண் பிள்ளை, நல்ல வளர்ந்த பிள்ளை, படுக்கையை நனைத்துவிட்டு மூலையில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே அதன் அம்மா வரும் சத்தம் கேட்டது. பெரியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சாடியை எடுத்து அப்படியே மெத்தையில் கவிழ்த்துவிட்டாள். "ஐயோ நோனா, கை தவறிக் கொட்டிருச்சுங்க" என்றாள். அந்த அம்மா அவளைத் திட்டித் தீர்த்தது. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான்.

மாரியம்மன் திருவிழாவில் யாரோ ஒருத்திக்குச் சேலை பின்னால் கிழிந்துவிட்டது. அவளுக்கே தெரியாது. கோயிலிலிருந்து லயத்து வீடுகள் வரைக்கும் பெரியம்மா அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டே நடந்தாள். "என்னாக்கா, இடிச்சுக்கிட்டே வர்றீங்க?" என்று அவள் எரிந்து விழுந்தாள். "குளிருதுடி" என்றாள் பெரியம்மா. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

இப்படி ஊரார் மானத்தையெல்லாம் பொத்திப் பொத்திக் காத்தவளை நினைத்து எங்கள் வீட்டில் நாங்கள் வெட்கப்பட்டோம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காரணம் ஒரு படகு. பெரியம்மா குமரியாக இருந்தபோது அந்தப் பங்களாவில் தேயிலைத் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரையும் அவர் மனைவி துரைசாணியும் இருந்தார்கள். துரையிடம் மோட்டார் பூட்டிய சின்னப் படகு ஒன்று இருந்தது. சாயங்காலங்களில் அது நீர்த்தேக்கத்தில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வரும். அதில் பின்னால் துரையும் முன்னால் பெரியம்மாவும் இருந்ததை மேல்மலையில் கொழுந்து எடுத்தவர்கள் பார்த்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்காகப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவைப் பெண் கேட்டு ஒரு வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்தபோது படகுக் கதை அவர்கள் காதுக்குப் போனது. "அக்கா வேணாம், தங்கச்சி இருந்தா குடுங்க" என்றார்கள். தங்கச்சியைக் கொடுத்தார்கள். அந்தத் தங்கச்சி என் அம்மா. மாப்பிள்ளை என் அப்பா.

பெரியம்மாவைக் கேட்டு அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

எங்கள் வீட்டில் படகு என்ற பேச்சே கிடையாது. மழைக்காலத்தில் தம்பி காகிதத்தில் படகு செய்து வாசல் கானில் ஓடுகிற தண்ணீரில் விட்டால் அம்மா எடுத்துக் கசக்கிப் போட்டுவிடுவாள். எதற்கென்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. புரிந்த வயதில் நானும் அம்மா மாதிரியே ஆகிவிட்டேன். ஹட்டனில் என் கல்யாணம் நடந்தபோது பெரியம்மா முதல் நாளே வந்து, மண்டபத்துக்குப் பின்னால் அண்டாக்களுக்கு நடுவில் நின்றே பொழுதைக் கழித்துவிட்டுப் போனாள். நாங்கள் யாரும் உள்ளே வாங்க என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை. தப்புச் செய்த ஆள், தானாகவே தெரிந்து ஒதுங்கி நிற்கிறது, நமக்கும் தொல்லையில்லை என்றுதான் நினைத்தேன்.

என் கணவருக்கு ஹட்டனில் கராஜ். ஆட்டோ, தண்ணீர் இறைக்கிற மோட்டார், மரக்கறிக்கு மருந்து அடிக்கிற மெஷின், எது வந்தாலும் பார்ப்பார். சில வருசங்களுக்கு முன்னால் பங்களா மெனேஜர் அவரைக் கூப்பிட்டார். நல்ல சிங்களப் பையன், தமிழும் பேசுவார். சாமான் அறையில் ஒரு பழைய படகு மோட்டார் கிடக்கிறது, அது என்ன மோட்டார் என்று கண்டுபிடித்து ஓட வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கொழும்பு ஒஃபிஸிலிருந்து பெரிய ஆட்கள் குடும்பத்தோடு வரப்போகிறார்களாம். அந்தக் காலத்துத் துரையின் மோட்டாரிலேயே அவர்களைப் படகில் கூட்டிப்போனால் பெரிய பெயராக இருக்கும் என்பது அவருடைய ஆசை.

எனக்குப் போகவே பிடிக்கவில்லை. ஆனால் பெரியம்மா இருக்கிற இடத்துக்கு இவரை மட்டும் அனுப்பினால் நன்றாக இருக்காது என்று ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன்.

சாமான் அறையில் மோட்டாரை மூடியிருந்த சாக்கை விலக்கியதும் பார்த்தேன். தையல் மெஷினைத் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி இருந்தது. உச்சியில் மூடியில்லாத ஒரு சக்கரம், கயிறு சுற்றி இழுப்பதற்கு அதில் ஒரு பள்ளம். சக்கரத்துக்குப் பின்னால் பெட்ரோல் தாங்கி. கீழே நீளமான ஒற்றைக் கால், அதன் அடியில் விசிறி. தாங்கியின் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு. மோட்டாரில் மற்றதெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்க, அந்தத் தகடு மட்டும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. கம்பனிப் பேரும் நம்பரும் இருந்திருக்க வேண்டிய இடம் அது. ஓர் எழுத்துக்கூட இல்லை.

"யாருங்க இத இப்பிடித் தேச்சது?" என்று இவர் தலையில் கை வைத்தார்.

பெரியம்மா வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். "நான்தான் மாப்புள. பித்தளையின்னா சனிக்கிழம சனிக்கிழம தேய்க்கணும்னு துரைசாணி சொல்லியிருந்தாங்க."

"அவங்க போயி எத்தன காலமாச்சு!"

"போயிட்டாங்க. ஆனா வேணாம்னு யாரும் சொல்லலையே."

இவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தப் படகின் மோட்டாரை இத்தனை காலம் இருட்டறையில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள் என்பது எனக்கு வேறு மாதிரிப் பட்டது. அப்படி என்ன ஆசை என்று நினைத்தேன்.

இவர் அடுப்படியிலிருந்து கொஞ்சம் ரொட்டி மாவு வாங்கித் தகட்டின்மேல் தூவி, விரலால் தேய்த்து, மேலோடு துடைத்தார். எழுத்துகள் இருந்த பள்ளங்களில் மாவு தங்கிக்கொண்டது. அரையும் குறையுமாக ஒரு பெயரின் பின்பாதியும் சில இலக்கங்களும் தெரிந்தன. போனில் படம் எடுத்து, மீன்பிடிப் படகு எஞ்சின் பார்க்கிற நீர்கொழும்புச் சிநேகிதர் ஒருவருக்கு அனுப்பினார். அவர் உடனே திருப்பிக் கூப்பிட்டார். இங்கிலாந்து மோட்டார், ஒற்றைச் சிலிண்டர், பெரிய யுத்தம் முடிந்த பிறகு வந்த வகை என்றார். இந்தக் காலத்து அளவில் பெட்ரோலோடு ஒயில் கலந்தால் போதாது, தாராளமாக விட வேண்டும், தண்ணீருக்கு வெளியே ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது, பெயின்ட் அடித்து அலங்காரம் பண்ணிக் கெடுத்துவிடாதே என்று வரிசையாகச் சொன்னார்.

அடுத்தடுத்து இவர் அங்கே போய் வந்தார். பிளக் மாற்றி, வயர் மாற்றி, துருவைச் சுரண்டி, தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் மோட்டாரின் காலை இறக்கிவைத்து, பிளக் ஓட்டையில் துளித் துளியாகப் பெட்ரோல் விட்டு இழுத்ததில், நானும் கூடப் போயிருந்த ஒருநாள் அது ஓடியும்விட்டது. நீலப் புகை பங்களா முழுக்கப் பரவியது. மெனேஜர் கை தட்டினார். மோட்டார் சத்தம் கேட்டதும் பெரியம்மா உள்ளே போய்விட்டாள். பழைய ஞாபகம் வந்துவிட்டதாக்கும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெரிய ஆட்கள் வந்த அன்று காலையில் நல்ல பனி. மோட்டாரைப் படகின் பின்பலகையில் பூட்டியாயிற்று. இவர் புதுச் சட்டை போட்டிருந்தார். கரையில் ஐயாமாரும் நோனாமாரும் பிள்ளைகளும் நின்றார்கள். எல்லோர் கையிலும் போன். இவர் கயிற்றைச் சுற்றி இழுத்தார். இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார். இருமல்கூட இல்லை. பிளக்கைக் கழற்றிப் பெட்ரோல் விடப் பார்த்தார். படகு ஆடியதில் பெட்ரோல் சட்டையில் கொட்டியது. மறுபடி இழுத்தார். கயிறு கழன்று வந்து அவர் முகத்திலேயே அடித்தது.

"பாஸ், நாங்க பஸ்ல போகவா?" என்று ஓர் ஐயா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பையன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மெனேஜர் எங்களைத் தெரியாத ஆள் மாதிரித் தள்ளிப்போய் நின்றார். இவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெரியம்மா தேத்தண்ணித் தட்டோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள். தட்டை அப்படியே படித்துறைப் பலகையில் வைத்தாள்.

"மாப்புள, தாங்கிக்குக் கீழ சின்னக் கிண்ணம் மாதிரி இருக்குல்ல, அதுக்கு மேல ஒரு முள்ளு நீட்டிக்கிட்டு இருக்கும். அத அமுக்கிப் புடிங்க. பெட்ரோல் கசிஞ்சு வரட்டும். வந்ததும் விட்டுட்டு இழுங்க."

இவர் குனிந்து தேடினார். அதை ஏதோ மூடியின் ஆணி என்று நினைத்து விட்டிருந்தார். அமுக்கினார். பெட்ரோல் கசிந்தது. ஒரே இழுவை. மோட்டார் படபடவென்று பிடித்துக்கொண்டது.

கரையில் ஒரே கைதட்டல். படகு நகர்ந்ததும் இவரும் மோட்டாரும் இருந்த பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் மூக்கைத் தூக்கியது. ஒரு பருமனான ஐயாவை முன்னால் உட்காரச் சொன்ன பிறகுதான் படகு சரியாக நின்றது. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அது சந்தோசச் சிரிப்பு. போன மானம் எங்களுக்குத் திரும்பி வந்துவிட்டது.

அப்போதுதான் பங்களாத் தோட்டக்காரக் கிழவர், புல்வெட்டுகிற கத்தியை ஊன்றிக்கொண்டு, மற்ற வேலையாட்களைப் பார்த்துச் சொன்னார்: "அதுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? துரைகூட எத்தன வாட்டி போன ஆளு!"

தமிழ் தெரிந்த எல்லோரும் சிரித்தார்கள். இளசுகள் என்ன கதை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பெரியம்மா தட்டை எடுத்துக்கொண்டு, தேத்தண்ணியை ஒருவர் விடாமல் கொடுத்துவிட்டு, மேலே ஏறிப் போனாள். அவள் வாயைத் திறந்தது என் புருசனுக்காக. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அவளுக்குச் சொந்தக்காரி என்று நிற்கவே எனக்குக் கூசியது.

அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போனேன்.

"ஏன் பெரியம்மா வாயத் தொறந்தீங்க?"

"மாப்புள மூஞ்சியப் பாக்க முடியலம்மா."

"இப்ப எல்லாரும் அந்தக் கதையத்தான் பேசுவாங்க."

"எந்தக் கத?"

நான் கோபத்தில் இருந்தேன். அதனால் கேட்டுவிட்டேன். "நீங்க துரைகூடப் படகுல போன கத."

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "துரையா? துரைக்குத் தண்ணியின்னாலே பயம். படகுல ஒருநாள்கூடக் கால வச்சதில்ல."

"அப்ப யாரு ஓட்டினா?"

"துரைசாணி. துரையோட காற்சட்டையும் தொப்பியும் போட்டுக்கிட்டு அவங்கதான் ஓட்டுவாங்க. சேலயோ கவுனோ கட்டிக்கிட்டு அந்தக் கயித்த இழுக்க ஏலுமா? மோட்டார் கனம் பின்னால இருக்கா, தனியாப் போனா முன்பக்கம் தூக்கிரும். மொதல்ல கல்லு மூட்டை வச்சுப் பாத்தாங்க. அத ஏத்தி இறக்குறது கஷ்டமா இருந்துச்சு. அதான் நீ வந்து ஒக்காருன்னாங்க. அவங்க கயிறு இழுக்கிறதுக்கு முன்னாடி அந்த முள்ள அமுக்கி விட்டுட்டு நான் முன்னால போயி ஒக்காரணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

மேல்மலையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தொப்பியும் காற்சட்டையும் தெரிந்திருக்கின்றன. தோட்டத்தில் அதைப் போடுகிற ஆள் துரை ஒருத்தர்தான். வேறு என்ன நினைப்பார்கள்? அந்த நேரத்தில் துரை பங்களாவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாராம்.

"இத நீங்க ஏன் சொல்லல?"

"துரைசாணி சொல்லாதன்னாங்க. தண்ணிக்குப் பயந்த ஆளுன்னு தெரிஞ்சா கிளப்புல மத்தத் துரைமாரு கேலி பண்ணுவாங்களாம். பொண்டாட்டி ஓட்ட, புருசன் உள்ள ஒளிஞ்சுக்கிட்டா யாருக்குத்தான் கேவலம் இல்ல?"

"அவங்க போனதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"யாருகிட்ட?" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "எல்லாரும் பேசினாங்க. கேக்கலையே. இன்னைக்கு நீதான் கேட்ட." கோப்பையை மறுபடி எடுத்துக் கழுவினாள். "உங்கம்மாகிட்ட மட்டும் அப்பவே சொன்னேன்."

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. ஈரக் கையால் வாயைத் துடைத்தாள். "சின்னப் பிள்ள அவ அப்ப. மறந்துபோயிருப்பா. வெளங்கியும் இருக்காது" என்று அவசர அவசரமாகச் சொன்னாள். கறையின்மேல் பூச்சாடியை வைக்கிற அதே அவசரம்.

சின்னப் பிள்ளையா? அந்த வருசம்தான் அம்மாவுக்குக் கல்யாணம்.

அம்மா வீட்டுக்குப் போனபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே கேட்டேன். படகை ஓட்டியது துரைசாணி என்று உங்களுக்குத் தெரியுமா என்று. அம்மாவின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பீலியில தண்ணி புடிக்கப் போனப்ப சொன்னா" என்றாள். "அழுதுக்கிட்டே சொன்னா. நம்ம அப்பாகிட்ட நீ சொல்லுடி, நான் சொன்னா நம்பமாட்டாருன்னா."

"சொன்னீங்களா?"

"எப்பிடிச் சொல்றது? அதுக்குள்ள என்னையக் கேட்டுட்டாங்க." ஒரு தண்டை எடுத்து நகத்தால் கிள்ளினாள். "சொன்னா அவளத்தான் கட்டியிருப்பாரு. எனக்கும் உங்கப்பாவப் புடிச்சிருந்துச்சு."

அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தானே நான் பிறந்தேன். என் வீடு, என் பெயர், பந்தியில் நிமிர்ந்து உட்கார்ந்து நான் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடு எல்லாமே பெரியம்மாவிடமிருந்து பிடுங்கியது மாதிரி இருந்தது. அன்று முழுக்க அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வீட்டுக்குள் நடமாடினோம்.

அடுத்த வாரம் தனியாகப் பஸ் பிடித்துப் பங்களாவுக்குப் போனேன். பெரியம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லப்போகிறேன், தோட்டக்காரரிலிருந்து எங்கள் சொந்தபந்தம் வரைக்கும் ஒருத்தரையும் விடப்போவதில்லை என்று வழியெல்லாம் மனதுக்குள் பேசிக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் பேச்சை அவள்தான் தொடங்கினாள்.

"உங்கம்மாகிட்ட இதக் கேட்டியாம்மா?"

"இல்ல பெரியம்மா" என்று பொய் சொன்னேன்.

"கேட்டுறாத. யாருகிட்டயும் சொல்லிக்கிட்டும் திரியாத. சொன்னா, அப்ப தங்கச்சிக்காரிக்குத் தெரியாதான்னுதான் மொதல்ல கேப்பாங்க." சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "நாலு பேரு ஒரு மாதிரிப் பாத்தா நான் தாங்கிக்குவேன், பழகிப்போச்சு. அவளுக்குப் பழக்கமில்ல."